8 ஜிபியா 16 ஜிபியா: வீட்டுக் கணினிக்கு ராமும் டிஸ்க்கும் எவ்வளவு வேண்டும்?

நீங்கள் சொன்னதைச் சுருக்கிப் பார்க்கிறேன். 2018-இல் வாங்கிய லேப்டாப், ஐ3 செயலி, 4 ஜிபி ராம், 1 டிபி (அதாவது 1000 ஜிபி) ஹார்ட் டிஸ்க். பொத்தானை அழுத்தினால் வேலைக்குத் தயாராக ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆகிறது. மகளின் கல்லூரி வேலை, மனைவியின் ஆன்லைன் டியூஷன், உங்கள் கடையின் டேலி கணக்கு, எல்லாருடைய செல்போன் படங்கள், இத்தனைக்கும் வீட்டில் இருப்பது அந்த ஒன்றுதான். கடையில் 16 ஜிபி ராம், 1 டிபி எஸ்எஸ்டி (சுற்றும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் வேகமான டிஸ்க்) உள்ள புது லேப்டாப் வாங்கச் சொல்கிறார்கள். 8 ஜிபியும் 512 ஜிபியும் போதாதா என்று கேட்கிறீர்கள். கேள்வி ஜிபி கணக்கில் இருந்தாலும், நீங்கள் தெரிந்துகொள்ள விரும்புவது இரண்டு: இந்த மந்தத்துக்கு எது காரணம், அதைத் தீர்க்க எவ்வளவு செலவு செய்தால் போதும். அந்த வரிசையிலேயே பதில் சொல்கிறேன்.

முதலில் ஒரு சொல்லைப் பிரித்துக்கொள்வோம். செல்போனில் இடம் தீர்ந்தால் "மெமரி ஃபுல்" என்கிறோம். அந்தப் பழக்கத்தில் கணினியின் ராமும் ஹார்ட் டிஸ்க்கும் ஒன்றுபோலத் தோன்றிவிடுகின்றன. கணினி மெதுவானதும் படங்களை அழிக்க உட்கார்ந்துவிடுகிறோம். ஆயிரம் படம் அழித்த பிறகும் வேகம் அப்படியேதான் இருக்கும். ராம் என்பது இப்போது திறந்திருக்கும் வேலைகள் தங்கும் இடம். மின்சாரம் போனால் அதில் உள்ளதும் போய்விடும். டிஸ்க் என்பது விண்டோஸ், மென்பொருள்கள், கோப்புகள் எல்லாம் நிரந்தரமாக இருக்கும் இடம். ராம் போதாவிட்டால் வேலை திணறும். டிஸ்க்கில் இடம் போதாவிட்டால் புதிதாக எதையும் சேர்க்க முடியாது, அப்டேட் ஏறாது. மூன்றாவதாக ஒரு குறையும் உண்டு: டிஸ்க்கில் இடம் தாராளமாக இருந்தும் அது எடுத்துக்கொடுக்கும் வேகம் போதாமல் போவது. உங்கள் லேப்டாப்பில் முதல் குறையும் மூன்றாவது குறையும் சேர்ந்தே இருக்கின்றன. கடைக்காரர் முன்வைக்கும் 1 டிபி தீர்ப்பதோ இரண்டாவது குறையை.

மூன்றாவது குறையைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும், ஏனென்றால் பணம் முதலில் போக வேண்டிய இடம் அதுதான். அந்தக் கால லேப்டாப்களில் வந்த ஹார்ட் டிஸ்க் பெரும்பாலும் நிமிடத்துக்கு 5400 சுற்று சுற்றுவது. ஒரு சுற்றுக்கு 11 மில்லிநொடி. வேண்டிய தகவல் தட்டில் எந்தப் பக்கம் இருக்கும் என்று சொல்ல முடியாது என்பதால், சராசரியாகப் பாதிச் சுற்று, அதாவது ஐந்தரை மில்லிநொடி காத்திருக்க வேண்டும். அதற்கு முன்பு படிக்கும் தலை சரியான தடத்துக்கு நகர இன்னும் 10 முதல் 12 மில்லிநொடி. ஆக ஒரு துண்டுத் தகவலுக்கு 16, 17 மில்லிநொடி. நொடிக்கு அறுபது துண்டுதான். விண்டோஸ் எழுந்திருக்கும்போது இப்படி ஆயிரக்கணக்கான சிறு துண்டுகளை வெவ்வேறு இடத்திலிருந்து கேட்கிறது. ஹார்ட் டிஸ்க் மாட்டும் அதே சாட்டா இணைப்பில் போடும் சாதாரண எஸ்எஸ்டியில் சுற்றும் தட்டும் இல்லை, நகரும் தலையும் இல்லை. ஒரு துண்டுக்கு ஏறக்குறைய 0.1 மில்லிநொடி போதும். ஒரு சினிமாவைக் காப்பி செய்தால் ஹார்ட் டிஸ்க் நொடிக்கு 100 எம்பி, எஸ்எஸ்டி 500 எம்பி என்று ஐந்து மடங்கு வித்தியாசம்தான் தெரியும். சிறு துண்டுகளில் அது நூறு மடங்கைத் தாண்டும். அன்றாடம் நாம் "ஸ்லோ" என்று சலித்துக்கொள்வது இந்தச் சிறு துண்டுகளுக்கான காத்திருப்பைத்தான்.

ராம் குறைவாக இருந்தால் இது இரட்டிப்பாகும். ராம் நிரம்பியதும் விண்டோஸ், இப்போதைக்கு வேண்டாததை டிஸ்க்கில் பேஜ் ஃபைல் என்ற கோப்புக்குத் தள்ளிவிட்டு, வேண்டும்போது திரும்ப எடுக்கும். நொடிக்கு அறுபது துண்டு கொடுக்கும் ஹார்ட் டிஸ்க்கில் இந்தப் போக்குவரத்து நடந்தால் மவுஸ் அசைவுகூட விட்டுவிட்டு வரும். எஸ்எஸ்டியிலும் இதே போக்குவரத்து உண்டு, ஆனால் கண்ணுக்குத் தெரியாமல் முடிந்துவிடும். அதனால்தான் 4 ஜிபி ராம் எஸ்எஸ்டியோடு ஓரளவு சமாளிக்கும். 8 ஜிபி ராமே ஹார்ட் டிஸ்க்கோடு சேர்ந்தால் இழுக்கும். இரண்டில் ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் முதலில் எஸ்எஸ்டி. இதில் எனக்குத் தயக்கம் கிடையாது.

ராம் எவ்வளவு என்பதில் அப்படி ஒரே வார்த்தையில் முடிக்க முடியாது. அது வீட்டுக்கு வீடு மாறும். மாறினாலும் அளந்து பார்க்கலாம். உங்கள் லேப்டாப்பிலேயே, வழக்கமாக மிக நெருக்கடியான நேரத்தில் அளக்க வேண்டும்: கூகுள் மீட்டில் வகுப்பு ஓடுகிறது, ப்ரவுசரில் பத்துப் பதினைந்து டேப், ஒரு பவர்பாயிண்ட், பின்னால் டேலி. எல்லாம் திறந்திருக்கும்போதே கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் வரும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பகுதிக்குப் போய் மெமரியைச் சொடுக்குங்கள். கீழே "இன் யூஸ்" என்று ஒரு எண் தெரியும். எல்லாரும் பார்ப்பது அதைத்தான். அதைவிட முக்கியமானது "கமிட்டெட்" என்ற எண். 6.3/8.9 என்பதுபோல் இரண்டு எண்கள் சாய்கோட்டோடு இருக்கும். முதல் எண், திறந்திருக்கும் மென்பொருள்கள் எல்லாம் சேர்ந்து கேட்டு வாங்கி வைத்திருக்கும் அளவு. இரண்டாவது, ராமும் பேஜ் ஃபைலும் சேர்ந்த மொத்த வரம்பு. 4 ஜிபி கணினியில் முதல் எண் 6.3 என்றால் இரண்டு ஜிபிக்கு மேல் ராமில் இடமில்லாமல் நிற்கிறது என்று பொருள்.

இந்த எண்ணையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. கேட்டு வாங்கியதில் ஒரு பகுதியை மென்பொருள்கள் தொடுவதே இல்லை. ஆகையால் கமிட்டெட் எப்போதும் உண்மைத் தேவையைவிடச் சற்றுக் கூடவே காட்டும். நான் கைக்கொள்ளும் கணக்கு இது: நெருக்கடி நேரத்தில் கமிட்டெட் 7-க்குள் நின்றால் 8 ஜிபி போதும், 9, 10-ஐத் தாண்டினால் 16, இடையில் நின்றால் அடுத்த மூன்று நான்கு ஆண்டுக்கு என்ன சேரப்போகிறது என்பதைப் பொறுத்தது. அதே பக்கத்தில் டிஸ்க்கையும் பாருங்கள். டிஸ்க் 100 சதவீதத்தில் ஒட்டிக்கொண்டு, வேகமோ நொடிக்கு ஒன்றிரண்டு எம்பிதான் என்றால், மேலே சொன்ன துண்டுப் போக்குவரத்துதான் நடக்கிறது. ராம் பாதி காலியாக இருக்கும்போதும் டிஸ்க் இப்படியே நின்றால் டிஸ்க்கே பழுதாகிக்கொண்டிருக்கலாம். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் திறந்து பாருங்கள். "காஷன்" என்று மஞ்சள் காட்டினாலோ, கெட்டுப்போன பகுதிகளைக் குறிக்கும் 05, சி5, சி6 என்ற வரிகளின் கடைசியில் "ரா வேல்யூஸ்" கட்டத்தில் பூஜ்ஜியம் அல்லாத எண் இருந்தாலோ, வேறு எதையும் யோசிக்காமல் அன்றே படங்களை வேறிடத்துக்கு எடுத்துவிடுங்கள்.

உங்கள் வீட்டுக்கு என்ன வரும் என்று ஒரு மதிப்பீடு தருகிறேன். 8 ஜிபி ராம் உள்ள கணினியில் விண்டோஸ் 11 எதையும் திறக்காமலே இரண்டரை முதல் மூன்றரை ஜிபி எடுக்கும். ப்ரவுசரில் பத்து டேப் என்றால் ஒன்றரை, இரண்டு ஜிபி. வீடியோ வகுப்புக்கு முக்கால் முதல் ஒரு ஜிபி. வேர்டு, பவர்பாயிண்ட் சேர்ந்து அரை ஜிபி. வீட்டு அளவில் டேலி பொருட்படுத்தத் தேவையில்லாதது. கூட்டினால் அதிகபட்சம் ஏழு. இன்றைக்கு நீங்கள் மூவரும் செய்யும் வேலைக்கு 8 ஜிபி போதும். விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாஃப்ட் சொல்லும் குறைந்தபட்சம் 4 ஜிபி என்பது ஏறி உட்காரப் போதுமான அளவு. அதில் வகுப்பும் எடுத்து மற்ற வேலையும் பார்க்க முடியாது. மகள் என்ன படிக்கிறார் என்று நீங்கள் சொல்லவில்லை. பி.காம்., ஆங்கில இலக்கியம் என்றால் 8-இலேயே படிப்பை முடித்துவிடலாம். கணினி அறிவியல் என்றால் கதை வேறு: செல்போன் ஆப் எழுதும் அண்ட்ராய்டு ஸ்டூடியோவும், திரையிலேயே ஒரு செல்போன்போல ஓடும் அதன் எமுலேட்டரும் ஒன்றாக ஓட, அல்லது கணினிக்குள் இன்னொரு கணினிபோல ஓடும் விர்ச்சுவல் மெஷினில் லினக்ஸ் (விண்டோஸுக்கு மாற்றான இயங்குதளம்) ஏற்ற, 16 வேண்டும். ஃபோட்டோஷாப்புக்கு அடோபி சொல்லும் குறைந்தபட்சம் 8, பரிந்துரை 16. 32 ஜிபி என்பது 4கே வீடியோ எடிட்டிங், பெரிய கட்டட மாடல்கள், கனமான விளையாட்டுகள் உள்ள வீடுகளுக்கு, உங்களுக்கு வேண்டாம்.

தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப், திரைக்கான நினைவகத்தையும் ராமிலிருந்தே எடுத்துக்கொள்ளும். இன்டெல் செயலிகள் பொதுவாகக் கொஞ்சம் ஒதுக்கிவிட்டு மீதியை வேண்டும்போது எடுக்கும். சில ஏஎம்டி லேப்டாப்களில் 2 ஜிபி ஆரம்பத்திலேயே ஒதுக்கப்பட்டு, 8 ஜிபி கணினியில் 5.9 என்று காட்டும். அது பழுதல்ல, டாஸ்க் மேனேஜரில் "ஹார்டுவேர் ரிசர்வ்டு" என்ற வரியில் காணாமல்போன அளவு இருக்கும். சில கணினிகளில் பயாஸில் (விண்டோஸ் எழுவதற்கு முன்பே திறக்கும் அமைப்புத் திரை) போய் அதைக் குறைக்கலாம், எல்லாவற்றிலும் முடியாது. அத்தகைய லேப்டாப்பில் 8 ஜிபி என்பது உண்மையில் 6 ஜிபி என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இனி டிஸ்க்கின் கொள்ளளவு. டப்பாவில் எழுதியிருக்கும் அளவும் விண்டோஸ் காட்டும் அளவும் ஒத்துப்போகாது. தயாரிப்பாளர் ஒரு ஜிபியை நூறு கோடி பைட் என்று எண்ணுகிறார்; விண்டோஸ் 1024-இன் மடங்கில் எண்ணுகிறது. 256 என்று வாங்கியது 238 ஆகவும், 512 என்பது 476 ஆகவும், 1 டிபி என்பது 931 ஆகவும் தெரியும். யாரும் ஏமாற்றவில்லை. 238-இல் விண்டோஸ், அதன் அப்டேட்கள், பேஜ் ஃபைல், ராமின் 40 சதவீத அளவுக்கு ஹைபர்னேஷன் கோப்பு (அணைக்கும்போது ராமில் உள்ளதை இறக்கிவைக்கும் இடம்) எல்லாம் சேர்ந்து 60 ஜிபி வரை போகும். ஆஃபீஸ், ப்ரவுசர், டேலி, இன்னபிற 15 ஜிபி. ஐந்தில் ஒரு பங்கைக் காலியாக விட வேண்டும், அது 48. உங்களுக்கு மிஞ்சுவது 115 ஜிபி.

காலியிடம் எதற்கு என்றால், எஸ்எஸ்டி எழுதும் முறை அப்படி. இப்போது வரும் மலிவான எஸ்எஸ்டிகள், எழுத வருவதை முதலில் காலியாக உள்ள பகுதியில் வேகமாக இறக்கிவிட்டு, பிறகு மெதுவாக நெருக்கி அடுக்குகின்றன. டிஸ்க் நிரம்ப நிரம்ப அந்த இறக்குமிடம் சுருங்கும். 95 சதவீதம் நிரம்பிய மலிவு எஸ்எஸ்டி, பெரிய கோப்பை எழுதும்போது ஹார்ட் டிஸ்க்கைவிட மெதுவாகிவிடுவதும் உண்டு. தவிர, விண்டோஸின் ஆண்டு அப்டேட்டுக்கு 20 ஜிபி வரை காலியிடம் வேண்டும். அப்டேட் முடிந்த பிறகும் பழைய விண்டோஸ் பத்து நாள் ஒரு ஃபோல்டரில் இருந்துவிட்டுத்தான் போகும். 64 ஜிபி இஎம்எம்சி (போர்டிலேயே பற்றவைத்த மலிவான சேமிப்புச் சிப்) போட்ட மலிவு லேப்டாப்கள் இந்த இடத்தில்தான் முடங்குகின்றன. விண்டோஸ் 11-இன் குறைந்தபட்ச சேமிப்பிடம் 64 ஜிபி என்று போட்டிருப்பதைப் பார்த்து அவற்றை வாங்கிவிடாதீர்கள்.

115 ஜிபி உங்களுக்குப் போதுமா? 12 மெகாபிக்சல் படம் ஒன்று 3 முதல் 5 எம்பி. பத்தாயிரம் படம் 40 ஜிபி. படம் ஒரு பிரச்சினையே இல்லை, வீடியோதான் விழுங்கும். ஐபோனில் 4கே, நொடிக்கு 30 பிரேம் வைத்து எடுத்தால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 170 எம்பி, பழைய எச்.264 முறையில் சேமித்தால் அது 350. வாரத்துக்குப் பத்து நிமிடம் எடுக்கும் குடும்பம் ஆண்டுக்கு 90 ஜிபியைத் தொடும். ஆகவே 256 உங்கள் கணினிக்குப் போதும், உங்கள் குடும்பத்து வீடியோக்களுக்குப் போதாது. 512 இரண்டு மூன்று ஆண்டு ஓடும். 1 டிபி எஸ்எஸ்டி வாங்கினாலும் ஒருநாள் நிரம்பத்தான் போகிறது. வீடியோக்களை வேக டிஸ்க்கில் வைப்பதால் எந்த லாபமும் இல்லை. ஆண்டுக்கு இருமுறை பார்ப்பதற்கு வெளியே வைக்கும் 1 அல்லது 2 டிபி யூஎஸ்பி ஹார்ட் டிஸ்க் போதுமானது, ஜிபிக்கு விலையும் குறைவு. கூகுள் இலவசமாகத் தரும் 15 ஜிபியை நம்ப வேண்டாம். ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்துத்தான் அது, 2021 ஜூன் முதல் படங்களும் அந்தக் கணக்கில்தான் ஏறுகின்றன. ஆக, 8 ஜிபி, 512 ஜிபி என்று நீங்களே போட்ட கணக்கு சரியானது. கூட ஒரு வெளி டிஸ்க் மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எஸ்எஸ்டி தேய்ந்துவிடும் என்ற பயம் பரவலாக இருக்கிறது. 500 ஜிபி அளவில் பொதுவாக 120 முதல் 300 டிபி வரை எழுதும் உத்தரவாதம் தருகிறார்கள். நாளுக்கு 20 ஜிபி எழுதினால் ஆண்டுக்கு 7.3 டிபி, குறைந்த 120-ஐ எடுத்துக்கொண்டாலும் பதினாறு ஆண்டு. வீட்டுப் புழக்கத்தில் தேய்ந்து போவதைவிட, அதை இயக்கும் கன்ட்ரோலர் சிப் பழுதாகி ஒரே நாளில் மொத்தமாக நின்றுபோவதே அதிகம் அஞ்ச வேண்டியது. ஹார்ட் டிஸ்க் சத்தம் போட்டு, இழுத்து, முன்னறிவிப்புக் கொடுக்கும். எஸ்எஸ்டி பல நேரம் எதுவும் சொல்லாமல் போய்விடும்.

புதிது வாங்குவதா, இருப்பதையே சரிசெய்வதா என்பதற்கு இன்னும் ஒரு தகவல் வேண்டும், அது உங்கள் கேள்வியில் இல்லை. 2018 சரியாக எல்லைக்கோட்டில் நிற்கும் ஆண்டு. அந்த ஆண்டில் ஐ3-7020யூ உள்ள லேப்டாப்களும் விற்றன, ஐ3-8130யூ உள்ளவையும் விற்றன. செட்டிங்ஸில் சிஸ்டம், அதில் அபவுட் திறந்தால் எது என்று தெரியும். எட்டில் தொடங்கினால் விண்டோஸ் 11 முறைப்படி ஏறும். ஏழில் தொடங்கினால் ஏறாது. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. வீட்டுப் பயனர்களுக்கான நீட்டிப்பில் சேர்ந்தால் பாதுகாப்பு அப்டேட் 2026 அக்டோபர் 13 வரை கிடைக்கும். எட்டாம் தலைமுறை என்றால் 512 ஜிபி எஸ்எஸ்டியும் ஒரு 8 ஜிபி ராமும் போட்டு இன்னும் மூன்று நான்கு ஆண்டு நிம்மதியாக ஓட்டலாம். ஏழாம் தலைமுறை என்றால் அந்தச் செலவை நான் பரிந்துரைக்க மாட்டேன், அதில் லினக்ஸ் போட்டுக்கொள்ள நீங்கள் தயாராக இருந்தாலொழிய. டேலி விண்டோஸில்தான் நேராக ஓடும் என்பதால் உங்களுக்கு அது ஒத்துவராது.

சரிசெய்வதாக முடிவெடுத்தால், வாங்கும் முன் பார்க்க வேண்டியவை இவை. டாஸ்க் மேனேஜரின் மெமரி பக்கத்தில் "ஸ்லாட்ஸ் யூஸ்டு" 1 ஆஃப் 2 என்றிருந்தால் ஒன்று காலி. "ஃபார்ம் ஃபாக்டர்" சோடிம் என்றிருந்தால் கழற்றி மாட்டும் வகை. "ரோ ஆஃப் சிப்ஸ்" என்றிருந்தால் போர்டிலேயே பற்றவைத்தது. அந்தக் கால லேப்டாப்கள் பலவற்றில் 4 ஜிபி பற்றவைத்து, கூட ஒரு காலி ஸ்லாட் கொடுத்திருந்தார்கள்; அங்கே 8 போட்டால் 12 ஆகும். 4-உம் 8-உம் சேர்ந்து ஓடாது என்று சில கடைகளில் சொல்வார்கள். ஓடும், இன்டெல் கணினியில் 8 ஜிபி வரை இரட்டைத் தடத்திலும் (இரு அட்டைகளையும் ஒரே நேரத்தில் பயன்படுத்தும் வேகமான முறை) மீதி 4 ஒற்றைத் தடத்திலும் ஓடும். வேகம் வேறுவேறாக இருந்தால் இரண்டும் குறைந்த வேகத்துக்கு இறங்கிக்கொள்ளும், அவ்வளவுதான். வகை மட்டும் மாறக் கூடாது: உங்கள் காலத்து லேப்டாப்புக்குப் பெரும்பாலும் டிடிஆர்4, 260 பின், 1.2 வோல்ட் சோடிம். டிடிஆர்3, டிடிஆர்5 அட்டைகளில் வெட்டு வேறு இடத்தில் இருக்கும், உட்காராது. அழுத்தி உட்காரவைக்க முயன்றால் ஸ்லாட் உடையும். செயற்கை நுண்ணறிவு சர்வர்களுக்கு ராம் தயாரிப்பு திரும்பியதால் 2025 இறுதியிலிருந்து ராம் விலை கடுமையாக ஏறியிருக்கிறது. சென்னை ரிச்சி தெரு மாதிரியான இடங்களில் கிடைக்கும், வேறு கணினியிலிருந்து கழற்றிய ராமை வாங்குவதில் தவறில்லை. ராம் தேய்கிற பொருள் அல்ல, திருப்பிக் கொடுக்க ஒரு வாரம் தவணை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். பழைய எஸ்எஸ்டியை அப்படி வாங்காதீர்கள். 2 டிபி என்று எழுதி நம்ப முடியாத விலையில் ஆன்லைனில் விற்கும் பென் டிரைவ்களையும் எஸ்எஸ்டிகளையும் தொடவே வேண்டாம். அவை கொள்ளளவைப் பொய்யாகக் காட்டும், 32 ஜிபிக்குப் பிறகு எழுதுவதெல்லாம் முன்பு எழுதியதன்மேல் போய் விழும். வாங்கியது உண்மையா என்று எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருள் முழுக்க எழுதிப் படித்துச் சொல்லிவிடும்.

எஸ்எஸ்டி உங்கள் ஹார்ட் டிஸ்க் இருக்கும் இடத்துக்கே வர வேண்டுமென்றால் இரண்டரை அங்குல, 7 மிமீ சாட்டா வகை. போர்டில் எம்.2 ஸ்லாட் (சிறு பட்டை வடிவ எஸ்எஸ்டி செருகும் இடம்) இருந்தால் அது சாட்டாவா, அதைவிட வேகமான என்விஎம்இயா என்று மாடல் கையேட்டில் பாருங்கள். இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும், மாற்றி வாங்கினால் வேலை செய்யாது. நொடிக்கு 3500 எம்பி, 7000 எம்பி என்ற எண்களுக்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம். ஹார்ட் டிஸ்க்கிலிருந்து சாட்டா எஸ்எஸ்டிக்கு மாறும்போது உணரும் வித்தியாசத்தில் சிறு பங்கைக்கூட, சாட்டாவிலிருந்து என்விஎம்இக்கு மாறும்போது வீட்டு வேலையில் உணர மாட்டீர்கள்.

மாட்டும் நாளில் ஷிஃப்டை அழுத்திக்கொண்டே ஷட் டவுன் கொடுங்கள். சும்மா கொடுத்தால் விண்டோஸ் பாதித் தூக்கத்தில்தான் நிற்கும். சார்ஜரைப் பிடுங்கி, பின்மூடியைத் திறந்ததும் பேட்டரி இணைப்பைக் கழற்றி, உலோகத்தைத் தொட்டு உடம்பிலுள்ள நிலைமின்சாரத்தைப் போக்கிக்கொள்ளுங்கள். ராம் அட்டையை 30 டிகிரி சாய்வில் செருகுங்கள். பொன்னிறப் பட்டை ஒரு பக்கம் உள்ளே போய் மறுபக்கம் வெளியே தெரிந்தால் இன்னும் உட்காரவில்லை. இரு ஓரமும் ஒரே அளவு மறைந்த பிறகு கீழே அழுத்தினால் இரு பக்கக் கொக்கிகளும் டக்கென்று பிடிக்கும். முதல்முறை போடும்போது திரை ஒரு நிமிடம் இருட்டாகவே இருக்கலாம், பதறி அணைத்துவிடாதீர்கள். மூன்று நான்கு நிமிடம் கழித்தும் வராவிட்டால் கழற்றி, பொன்னிறப் பட்டையைப் பென்சில் அழிப்பானால் மெல்லத் தேய்த்து, துகள் ஒட்டாமல் துடைத்துவிட்டு மீண்டும் செருகுங்கள். பெரும்பாலும் அதிலேயே சரியாகும். கணினி எழுந்த பிறகு, ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 என்ற மென்பொருளை ஓர் இரவு முழுக்க ஓடவிடுங்கள். ஒரு பிழை காட்டினாலும் அந்த ராமைத் திருப்பிக் கொடுங்கள். பழுதான ராம் உடனே கணினியை நிறுத்தாது. டேலி டேட்டாவில் எங்கோ ஓர் எண்ணை மாற்றிவிட்டுப் பேசாமல் இருக்கும்.

புதிதே வாங்குவதானால் கணக்கு மாறும். மெல்லிய லேப்டாப்கள் பலவற்றில் ராம் முழுவதும் பற்றவைத்தே வருகிறது. ஆப்பிளில் எஸ்எஸ்டியையும் கடையில் வாங்கி மாற்ற முடியாது. அப்படிப்பட்டதில் முதல் நாளே 16 எடுத்துவிடுங்கள், ஐந்தாறு ஆண்டு கழித்து வரும் தேவைக்கும் அதுதான் கதி. காலி ராம் ஸ்லாட் உள்ள மாடல் என்றால் 8 போதும். தேவை வரும்போது இன்னொரு 8 போட்டால் இரட்டைத் தடமும் கிடைக்கும். டிஸ்க்கில் 512-க்கு மேல் போக வேண்டாம். 16 ஜிபி 512, 8 ஜிபி 1 டிபி இரண்டும் ஒரே விலை என்றால் முதலாவது. டிஸ்க்கைப் பிறகு வெளியிலிருந்தாவது கூட்டிக்கொள்ளலாம், பற்றவைத்த ராமைக் கூட்டவே முடியாது.

கடைசியாக, பழைய டிஸ்க்கிலிருந்து மாறும்போது. 1 டிபியில் உள்ளதை 512-க்கு அப்படியே குளோன் செய்ய, பயன்பாட்டில் உள்ள அளவு 400 ஜிபிக்குள் இருக்க வேண்டும். அதனால் முதலில் படங்களையும் வீடியோக்களையும் வெளி டிஸ்க்குக்கு மாற்றுங்கள். ஆனால் ஏழெட்டு ஆண்டுப் பழைய விண்டோஸை இழுத்து வருவதைவிட, எஸ்எஸ்டியில் புதிதாக ஏற்றுவது நல்லது. டேலி டேட்டா ஃபோல்டரைத் தனியாக இரண்டு இடத்தில் காப்பி எடுத்து, வேறொரு கணினியில் திறந்து பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். விண்டோஸ் 11-ஐ மைக்ரோசாஃப்ட் கணக்கோடு புதிதாக ஏற்றும்போது டிஸ்க் தானாகவே பூட்டிக் குறியாக்கம் செய்யப்படலாம். அதன் மீட்புச் சாவி, 48 இலக்கம், அந்தக் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். அதைத் தாளில் எழுதி வீட்டில் வையுங்கள், அது இல்லாமல் பிறகு எந்தக் கடைக்காரராலும் திறக்க முடியாது. கழற்றிய ஹார்ட் டிஸ்க்கை உடனே ஃபார்மட் செய்யாதீர்கள். சிறிய யூஎஸ்பி கேஸில் போட்டு ஒரு மாதம் அப்படியே வைத்திருங்கள். மகளின் பழைய ப்ராஜெக்ட், டெஸ்க்டாப்பில் கிடந்த ஏதோ ஒரு ரசீது என்று விட்டுப்போனது எதுவானாலும் அந்த ஒரு மாதத்துக்குள் தேடவேண்டிவரும்.